தாய்லாந்துக்காரங்களுக்கே மாசம் எவ்ளோ சம்பளம்? ஒரு தம்பி கேட்ட கேள்விக்கு பதில்

சரி, அடுத்த கேள்வி. திருப்பூர்ல இருந்து ஒரு தம்பி கேட்டிருக்காரு. "அண்ணா, ஒரு ஏஜென்ட் பாங்காக்ல டேட்டா என்ட்ரி வேலை இருக்குன்னு சொல்றாரு, மாசம் 80,000 ரூபா, ரூம் சாப்பாடு எல்லாம் ஃப்ரீயாம். அந்த ஊர் ஆளுங்களே எவ்ளோ சம்பாதிக்கிறாங்க? இந்த சம்பளம் நிஜமா?" அப்படின்னு. சரியான இடத்துல கை வச்சிருக்கீங்க தம்பி, ஏன்னா முக்காவாசி பேரு "எனக்கு எவ்ளோ தருவாங்க"ன்னு மட்டும்தான் கேப்பாங்க, உள்ளூர்க்காரன் எவ்ளோ வாங்குறான்னு கேக்கவே மாட்டாங்க. நான் தாய்லாந்துல சோன்புரி மாகாணம் பக்கம் ஒரு ஆட்டோ பார்ட்ஸ் கம்பெனில க்வாலிட்டில இருக்கேன், அதனால லைன்ல நிக்கிற பசங்க சம்பள சிலிப்ப நேர்லயே பாத்திருக்கேன், அதுல இருந்தே ஆரம்பிக்கிறேன்.

முதல்ல ஒரு விஷயம், இங்க மினிமம் வேஜ்ங்கிறது, அதாவது சட்டப்படி குறைஞ்சபட்ச கூலி, மாச கணக்கு இல்ல, நாள் கணக்கு. மாகாணத்துக்கு மாகாணம் வேற வேற. 2025 ஜனவரில மாத்துனப்போ புக்கெட், சோன்புரி, ரயோங், சாசெங்சாவ் இந்த நாலு மாகாணம், அப்புறம் சாமுய் தீவு, இங்கெல்லாம் ஒரு நாளைக்கு 400 பாத் (பாத்துங்கிறது இந்த ஊர் காசு), தெக்க கடைசில இருக்கிற பட்டானி, யாலா, நராத்திவாட் மூணுக்கும் 337 பாத். பாங்காக்குக்கு அப்போ 372 தான், அது ஜூலைல தான் 400 ஆச்சு. பாத்துக்கு ரெண்டரை ரூபாக்கு மேலன்னு வச்சுக்கோங்க, அப்போ 400 பாத்னா நம்ம காசுல ஆயிரம் ரூபா சொச்சம்.

இதுல அரசியல் கதை வேற இருக்கு. 2011 எலெக்ஷன்ல, அப்புறம் பிரதமர் ஆன யிங்லக்கோட கட்சி 300 பாத் தருவோம்னு சொல்லி ஜெயிச்சாங்க, 2013 ஜனவரில நாடு முழுக்க 300 வந்துச்சு. அப்ப பெரிய ஏத்தம் அது, 2011ல பாங்காக்லயே 215 தான் இருந்துச்சு. ஆனா அதுக்கப்புறம் 2017 வரைக்கும் அந்த 300 அப்படியே நின்னுச்சு. 2023 எலெக்ஷன்ல அதே கட்சி 2027க்குள்ள 600 ஆக்குவோம்னு சொன்னாங்க. எங்க லைன்ல யார்கிட்டயாவது அத பத்தி பேசுனா சிரிச்சிட்டு போயிடுவாங்க.

இப்ப சிலிப்புக்கு வர்றேன். இங்க ரெண்டு வகை ஆளு, ராய்வான்னு சொல்றது தினக்கூலி, ராய்துவென்னா மாச சம்பளம். ஒரே லைன், ஒரே யூனிஃபார்ம், ஆனா ராய்வான் ஆளுக்கு ஞாயித்துக்கிழமை லீவுக்கு காசு கிடையாது. 400 பாத், 26 நாள்னா 10,400. இத வச்சு குடும்பம் ஓடாது. அப்புறம் எப்படி ஓடுது, ஓ.டி. தான். எட்டு மணி நேரத்துக்கு 400னா மணிக்கு 50, ஓ.டி.க்கு சட்டப்படி ஒன்றரை மடங்கு, 75. தினம் மூணு மணி நேரம் மேனிக்கு 22 நாள் செஞ்சா 66 மணி நேரம், 4,950 பாத். லீவு நாள்ல வந்து ஓ.டி. செஞ்சா மூணு மடங்கு. அதுக்கு மேல "பியா கயான்"னு ஒரு லைன் சிலிப்ல இருக்கும், சுறுசுறுப்பு படின்னு சொல்லலாம், மாசம் ஒரு நாள் கூட லீவு போடாம லேட்டும் ஆகாம வந்தா ஒரு 500, 600 பாத், தொடர்ந்து வந்தா மாசாமாசம் கொஞ்சம் ஏறும், ஒரு நாள் காய்ச்சல்னு படுத்தா மறுபடி முதல்ல இருந்து. இந்த 600 பாத்துக்காக ஜுரத்தோட மாஸ்க் போட்டுட்டு வந்து நிக்கிற பொண்ணுங்கள நான் பாத்திருக்கேன், வீட்டுக்கு போம்மான்னு சொன்னா கூட போகாதுங்க. நைட் ஷிஃப்ட் படி ஒரு ஆயிரம் வந்துச்சுன்னு வைங்க, சோஷியல் செக்யூரிட்டிக்கு அஞ்சு சதவீதம் 520 பிடிச்சது போக கைக்கு 16,400 பாத் ஒட்டி வரும். ஆர்டர் குறைஞ்சு ஓ.டி. நின்னுச்சுன்னா அதே ஆளு 11,000த்துக்கு வந்துருவாரு. அதனால இங்க வேலை தேடுற பசங்க முதல்ல கேக்குறதே "ஓ.டி. இருக்கா"ன்னு தான், சம்பளம் எவ்ளோன்னு அப்புறம்தான் கேப்பாங்க.

பெரிய கார் கம்பெனில நேரடியா பர்மனென்ட் ஆயிட்டா அது வேற உலகம். வருஷ கடைசில போனஸ் அறிவிப்பு வரும், அஞ்சு மாசம், ஆறு மாச சம்பளம், நல்ல வருஷத்துல அதுக்கு மேலயும் போகும், பேப்பர்ல எல்லாம் பட்டியல் போட்டு இந்த கம்பெனி இத்தனை மாசம்னு எழுதுவாங்க, மத்த கம்பெனி ஆளுங்க பெருமூச்சு விட்டுட்டு ஷேர் பண்ணுவாங்க. அதே கேட்டுக்குள்ள சப் கான்ட்ராக்ட்ல வர்ற பையனுக்கு அது கிடையாது.

சம்பள நாள் அன்னைக்கு சாயங்காலம் ஃபேக்டரி வாசல்ல ஒரு சந்தை முளைக்கும், தலாட் நட்னு சொல்வாங்க, சுட்ட கோழி, ஜீன்ஸ், லாட்டரி சீட்டு எல்லாம் இருக்கும். கொஞ்சம் தள்ளி பைக்ல ஹெல்மெட்ட கழட்டாம ரெண்டு பேரு நிப்பாங்க. அவங்க வட்டி வசூல் பண்ண வந்தவங்க, ஹெல்மெட் கேங்னே பேரு. நம்மூரு கந்துவட்டி தான், மாசம் இருபது சதவீதம் எல்லாம் சர்வ சாதாரணம். நாட்டோட மொத்த குடும்பக் கடன் ஜிடிபில 90 சதவீதத்தை ஒட்டி இருக்கு, அது சும்மா இல்ல.

அடுத்து ஹோட்டல். புக்கெட், பட்டாயால பெரிய ஹோட்டல்ல ரூம் க்ளீன் பண்றவங்க, வெயிட்டர், இவங்களுக்கு அடிப்படை சம்பளம் பத்து பன்னெண்டாயிரம்தான் இருக்கும், ஆனா பில்லுல பத்து சதவீதம் சர்வீஸ் சார்ஜ் போடுறாங்கல்ல, அத ஸ்டாஃபுக்கு பிரிச்சு கொடுப்பாங்க. நவம்பர்ல இருந்து ஃபிப்ரவரி வரைக்கும் ரூம் ஃபுல்லா இருக்கிறப்போ நல்ல ஹோட்டல்ல அந்த சர்வீஸ் சார்ஜ் மட்டுமே சம்பளத்துக்கு சமமா வந்துரும், சில எடத்துல தாண்டியும் போகும். செப்டம்பர் மழைல அது கால்வாசியா சுருங்கும். 2020 கொரோனால சுத்தமா பூஜ்யம். அதனால ஹோட்டல் ஆளுங்ககிட்ட "மாசம் எவ்ளோ"ன்னு கேட்டா "எந்த மாசம்"னு திருப்பி கேப்பாங்க.

மசாஜ் கடை பத்தி நிறைய பேருக்கு தப்பான எண்ணம் இருக்கு, அந்த கிண்டல் எல்லாம் விடுங்க, நான் சொல்றது தெருவுக்கு தெரு இருக்கிற சாதாரண கால் மசாஜ், தாய் மசாஜ் கடை. வாசல்ல பிளாஸ்டிக் சேர்ல ஒரே கலர் சட்டை போட்டு அஞ்சாறு அக்காங்க உக்காந்திருப்பாங்க பாருங்க, அவங்க சும்மா உக்காரல, வரிசைல உக்காந்திருக்காங்க, அடுத்த கஸ்டமர் யாருக்குன்னு உள்ள ஒரு நோட்டுல எழுதி வச்சிருக்கும். ஒரு மணி நேரத்துக்கு நீங்க 300 பாத் கொடுத்தா அதுல பாதியோ அதுக்கும் கம்மியோதான் அவங்களுக்கு, மீதி கடைக்கு. பெரும்பாலான எடத்துல மாச சம்பளமே கிடையாது. நாள் ஒன்னுக்கு அஞ்சு பேரு வந்தா நல்ல நாளு, ஒருத்தரும் வரலன்னா சில கடைல குறைஞ்சபட்சம் இவ்ளோன்னு கேரன்டி கொடுப்பாங்க, சில கடைல அதுவும் இல்ல. அதனால டிப்ஸ் 50, 100 பாத் கொடுத்தீங்கன்னா அத கையிலயே கொடுங்க, கவுன்டர்ல கொடுக்காதீங்க.

படிச்சவங்க கதைய கேட்டா இன்னும் ஆச்சரியமா இருக்கும். டிகிரி முடிச்சு கவர்மென்ட்ல சேர்றவங்களுக்கு ரொம்ப வருஷமா 15,000 பாத்துங்கிறது ஒரு அளவுகோல், அத படிப்படியா ஏத்தி 2025 மே மாசத்துல இருந்து 18,000. பிரைவேட்லயும் சாதாரண ஆபீஸ் வேலை, அக்கவுன்ட்ஸ், அட்மின், டேட்டா என்ட்ரி எல்லாம் ஆரம்பம் 15,000 டு 20,000 தான். தம்பி, இந்த நம்பர மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன். அதுலயே ஜப்பான் மொழி நல்லா பேசத் தெரிஞ்சா சோன்புரி, ரயோங்ல 30,000க்கு மேல கூப்பிட்டு கொடுப்பாங்க, ஏன்னா ஜப்பான் கம்பெனிங்க அவ்ளோ இருக்கு. கோடிங் தெரிஞ்ச பையன் 25,000ல ஆரம்பிச்சு நாலஞ்சு வருஷத்துல 60,000, 70,000 போயிடுவான்.

18,000க்கு எதுக்கு கவர்மென்ட் வேலைன்னு நீங்க கேக்கலாம். காரணம் அப்பா அம்மா. அரசு ஊழியர்னா அவருக்கு மட்டும் இல்ல, புருஷன் பொண்டாட்டி, புள்ளைங்க, பெத்தவங்களுக்கும் சேத்து ஆஸ்பத்திரி செலவு கவர்மென்ட் பாத்துக்கும், பென்ஷனும் உண்டு. நம்மூர்ல டிஎன்பிஎஸ்சிக்கு கெடந்து படிக்கிறாங்கல்ல, அதே வெறி இங்கயும் இருக்கு.

இதெல்லாம் சம்பளம்னு ஒன்னு வாங்குற ஆளுங்க கதை. நாட்டுல வேலை பாக்குற ஏறக்குறைய நாலு கோடி பேர்ல பாதிக்கு மேல முறைசாரா வேலை, தெருக்கடை, ஆரஞ்சு கலர் சட்டை போட்ட பைக் டாக்ஸி, கிராப் ஆப்ல வண்டி ஓட்டுறவங்க, வயல் வேலை. மினிமம் வேஜ் ஏறுனா இவங்களுக்கு ஒன்னும் ஆகாது, தட்டு சாப்பாடு 50ல இருந்து 60 ஆகும், அவ்ளோதான். தெக்க ரப்பர் தோட்டத்துல நடுராத்திரி ஒரு மணிக்கு தலைல லைட்ட கட்டிட்டு பால் வெட்ட போவாங்க, அவங்களுக்கு கூலி கிடையாது, பங்கு. ஓனருக்கு 60 வெட்டுறவருக்கு 40, இல்லன்னா பாதிக்கு பாதி. மழை பெஞ்சா அன்னைக்கு வேலையும் இல்ல, பங்கும் இல்ல. நாடு முழுக்க கூலி, சம்பளம் வாங்குறவங்க சராசரி எடுத்தா மாசம் 15,000, 16,000 பாத் ஒட்டி வரும், விவசாய கூலிக்கு அதுல பாதி, பேங்க், ஐடி பக்கம் ஏறக்குறைய ரெண்டு மடங்கு.

இசான்னு வடகிழக்குப் பகுதி இருக்கு, எங்க லைன்ல இருக்கிற பசங்க முக்காவாசி அந்தப்பக்கம் தான், உடோன் தானி, புரிராம், கோன் கேன். ஒரு போகம் நெல்லு, மீதி நாள் சும்மா, அதனால இங்க வந்துருவாங்க. கொஞ்சம் துணிஞ்சவங்க வெளிநாடு போறாங்க. கொரியால சட்டப்படி மினிமம் வேஜ்ல வேலை பாத்தாலே ஏறக்குறைய 50,000 பாத், இங்க வாங்குறத போல மூணு மடங்கு. டூரிஸ்ட்டா போயி அங்கயே மறைஞ்சு வேலை பாக்குறவங்கள "பி நோய்"னு சொல்வாங்க, குட்டிப் பேய்னு அர்த்தம். இஸ்ரேல் தோட்டத்துல வேலை பாத்த தாய் ஆளுங்க 2023 அக்டோபர் 7ல எத்தனை பேரு செத்தாங்க, பிடிபட்டாங்கன்னு நியூஸ்ல பாத்திருப்பீங்க, அதுக்கப்புறமும் ஆளுங்க திரும்ப போனாங்க. ஊருல கடன் இருக்கே. அவங்க விட்டுட்டு போற வேலைக்கு மியான்மர், லாவோஸ் ஆளுங்க வர்றாங்க, 2025 வரைக்கும் கம்போடியா ஆளுங்களும் வந்தாங்க, சமுட் சாகோன் பக்கம் மீன், எறா ஃபேக்டரி எல்லாம் பர்மாக்காரங்க இல்லன்னா ஓடாது. சட்டப்படி அவங்களுக்கும் அதே மினிமம் வேஜ் தான், கைக்கு வர்றது எவ்ளோங்கிறது பேப்பர் இருக்கா இல்லையான்னு பொறுத்து.

சரி தம்பி, இப்ப உங்க ஆஃபருக்கு வர்றேன். 80,000 ரூபான்னா 30,000 பாத் ஒட்டி வருது. டேட்டா என்ட்ரிக்கு தாய் மொழியும் தெரிஞ்சு டிகிரியும் முடிச்ச உள்ளூர் பொண்ணு 15,000க்கு கிடைக்கும். தாய் மொழி ஒரு எழுத்து தெரியாத உங்களுக்கு ரெட்டிப்பு கொடுத்து, ரூமும் போட்டு, சோறும் போட்டு, விசா செலவும் பாத்து எதுக்கு கூட்டிட்டு வரணும்? ஒரு முதலாளியா உக்காந்து யோசிச்சு பாருங்க. இன்னொன்னு, ஒரு வெளிநாட்டுக்காரருக்கு வேலை கொடுக்கணும்னா பொதுவா கம்பெனி நாலு தாய் ஆளுங்கள வச்சிருக்கணும், 20 லட்சம் பாத் மூலதனம் காட்டணும், இந்தியர்னா விசா நீட்டிக்க மாசம் 35,000 பாத்தாவது சம்பளம் காட்டணும். உங்க ஏஜென்ட் சொல்ற தொகை அதுக்கே எட்டல. முடி வெட்டுறது, மசாஜ், டூரிஸ்ட் கைடு, தெருவுல கடை போடுறது, இந்த மாதிரி வேலைங்கள வெளிநாட்டுக்காரங்க செய்யவே கூடாதுன்னு தனி பட்டியலே இருக்கு. நம்ம ஆளுங்க இங்க இல்லாம இல்ல, சீலோம் மாரியம்மன் கோயில் பக்கம் போனா தமிழ் காதுல விழும், காயல்பட்டினத்துக்காரங்க எத்தனையோ வருஷமா கல் வியாபாரம் பண்றாங்க, என்ன மாதிரி கம்பெனில இருக்கிறவங்களும் உண்டு. ஆனா யாரும் டேட்டா என்ட்ரிக்கு வந்தவங்க இல்ல.

2022ல நம்ம பசங்க பல பேரு இதே மாதிரி டேட்டா என்ட்ரி, டிஜிட்டல் மார்க்கெட்டிங்னு பாங்காக்ல எறங்குனாங்க, அவங்கள ஏஜென்ட் ஆளுங்க கார்ல ஏத்தி, மே சோட்ங்கிற தாய்லாந்து பார்டர் ஊரு தாண்டி மியான்மர் பக்கம் இருக்கிற மியாவாடில கொண்டு போய் விட்டு, அங்க பாஸ்போர்ட்ட புடுங்கிட்டு ஆன்லைன் மோசடி வேலை பாக்க வச்சாங்க, தமிழ்நாட்டு பசங்களும் அதுல இருந்தாங்க. உங்க ஏஜென்ட்டும் அந்த மாதிரின்னு நான் சொல்லல, எனக்கு அவர தெரியாது. ரெண்டே ரெண்டு கேளுங்க. கம்பெனி பேரும் அட்ரஸும் கொடுங்க, நான் கிளம்புறதுக்கு முன்னாடியே இந்தியாலயே நான்-பி விசா, அதாவது வேலைக்கு வர்றவங்களுக்கான விசா, எடுத்து தருவீங்களான்னு கேளுங்க. "டூரிஸ்ட்டா வாங்க, வந்தப்புறம் மாத்திக்கலாம்"னு சொன்னாருன்னா போன வச்சிடுங்க. வேலை எடம் பாங்காக் இல்ல, கொஞ்சம் தள்ளி பார்டர் பக்கம், மே சோட்னு எங்கயாவது பேரு வந்துச்சுன்னா அட்வான்ஸா கொடுத்த காசு போனாலும் பரவால்லன்னு விட்டுடுங்க தம்பி. ஆஃபர் லெட்டர் கைல இருந்துச்சுன்னா எனக்கு அனுப்புங்க, கம்பெனி ரிஜிஸ்டர் ஆயிருக்கான்னு இங்க எங்க ஹெச்.ஆர். பொண்ணுகிட்ட கொடுத்து பாக்க சொல்றேன், அது தாய் மொழில தேடுனா பத்து நிமிஷத்துல சொல்லிடும்.