தீவுக்குப் போக ஏற்ற காலம் கிறிஸ்துமஸ்தான்

நடுவர் ஐயா அவர்களுக்கும், எதிரணி நண்பர்களுக்கும், அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் வணக்கம்.

‘மத்தியதரைக் கடலின் சிறு தீவுக்குப் போக ஏற்ற காலம் கோடையா, கிறிஸ்துமஸா?’ என்பது தலைப்பு. கோடைதான் என்று பேசிய சகோதரி மூன்று காரணம் சொன்னார். டிசம்பரில் கடலில் இறங்கிக் குளிக்க முடியாது. காற்று பலமாக அடித்தால் படகு நின்றுவிடும். பண்டிகை நாளில் கடைகள் மூடிக் கிடக்கும். மூன்றும் உண்மை. ஆனால் அவர் பேச்சில் கடல் வந்தது, படகு வந்தது, கடை வந்தது. அங்கே குடியிருக்கும் மனிதர்கள் வரவேயில்லை. நான் அவர்களுக்காகப் பேச வந்திருக்கிறேன், ஐயா.

பொதுவாகப் பேசினால் பிடி கிடைக்காது. ஒரே ஒரு தீவை எடுத்துக்கொள்கிறேன். மால்டா நாட்டின் இரண்டாவது தீவான கோசோ. மொத்தமே 67 சதுர கிலோமீட்டர். பெரிய தீவின் வடமுனையில் படகேறினால் ஏறத்தாழ 25 நிமிடத்தில் இம்ஜார் துறைமுகத்தில் இறங்கிவிடலாம்.

கோடையில் அந்தப் படகுக்காக வண்டிகள் வெயிலில் வரிசை கட்டி நிற்கும். இரண்டு தீவுகளுக்கும் நடுவில் கொமினோ என்று ஒரு குட்டித் தீவு இருக்கிறது. அங்குள்ள ப்ளூ லகூன் என்ற நீலக் கடற்குளியல் துறையில் கூட்டம் தாங்காமல் 2025-ல் முன்பதிவு முறையே கொண்டுவர வேண்டியதாயிற்று. மழையோ கோடை முழுக்க எட்டிப் பார்ப்பதில்லை. வயல் காய்ந்து, மண்ணும் சுண்ணாம்புக்கல் வீடுகளும் ஒரே பழுப்பாகிவிடும். அக்டோபரில் மழை தொடங்கிய பிறகுதான் தீவுக்கு உயிர் வருகிறது. டிசம்பர் கடைசியில் போய்ப் பாருங்கள், அடுக்கு வயல்களில் பச்சை நிறைந்திருக்கும். கல்வேலி ஓரமெல்லாம் நம் ஊர்ப் புளியாரையின் இனத்தைச் சேர்ந்த மஞ்சள் பூக்கள் தலைகாட்டத் தொடங்கியிருக்கும். பகலில் 16, 17 டிகிரிதான். ஒரு ஸ்வெட்டர் போதும், கி.மு. 3600 வாக்கில் கட்டத் தொடங்கிய ஜகான்டியா பெருங்கற் கோயில் வரைக்கும் நிதானமாக நடந்தே போகலாம். ஒன்றை மட்டும் மறைக்காமல் சொல்கிறேன். வெளியை விடக் கல்வீட்டுக்குள்தான் குளிர் அதிகம். ஹீட்டர் இருக்கிறதா என்று கேட்டுவிட்டு வீடு எடுங்கள்.

சரி, மனிதர்களுக்கு வருகிறேன்.

மால்டாக்காரர்களின் வீட்டுக் குடிலில் ஜுல்பீனா என்று ஒன்று வைப்பார்கள். நவம்பர் கடைசியில், ஒரு தட்டில் பஞ்சைப் பரப்பி, பயறு வகை விதைகளைத் தூவி, தண்ணீர் தெளித்து, இருட்டான அலமாரிக்குள் வைத்துவிடுவார்கள். வெளிச்சம் படாததால் முளைகள் வெள்ளை வெளேரென்று நீண்டு வளரும். கிறிஸ்துமஸ் வந்ததும் பாலகன் இயேசுவின் சுரூபத்தைச் சுற்றி அதை வைப்பார்கள். நம் தென்மாவட்டத்துப் பெண்கள் அம்மனுக்கு வளர்க்கும் முளைப்பாரிதான் இது, ஐயா! கடல் தாண்டிப் போன இடத்தில் யாரோ ஒரு பாட்டியின் அலமாரிக்குள் அதைப் பார்க்கும்போது, ஊர் புதிது என்ற எண்ணமே நமக்குப் போய்விடும். ஆகஸ்டில் அந்த அலமாரியை யார் திறந்து காட்டப் போகிறார்கள்?

துறைமுகத்துக்கு மேலே அயின்சீலெம் என்ற ஊர். அங்கே வயல்வெளியில் ஒரு பெத்லகேமையே கட்டுகிறார்கள். நூறு பேருக்கு மேல் அந்தக் கால உடையில் வந்து, கொல்லராக, தச்சராக, ரொட்டி சுடுபவராக, ஆடு மேய்ப்பவராக அங்கே வாழ்ந்து காட்டுகிறார்கள். குடும்பம் குடும்பமாக ஊர்க்காரர்கள் அதில் சேர்கிறார்கள்.

இந்த மேடைக்கு நெருக்கமான வழக்கம் ஒன்றும் உண்டு. நள்ளிரவுத் திருப்பலியில் கிறிஸ்து பிறப்பைப் பற்றிய மறையுரையைப் பாதிரியார் சொல்வதில்லை, ஒரு குழந்தை சொல்கிறது. லூகா என்ற ஊரில் 1883-ல் தொடங்கிய வழக்கம் இது. ஏழெட்டு வயதுப் பிள்ளை வாரக்கணக்கில் மனப்பாடம் செய்து, நிறைந்த கோயிலில், கையை ஆட்டி, குரலை ஏற்றி இறக்கித் தாய்மொழியில் முழங்கும். நமக்கு ஒரு சொல்கூடப் புரியாது. ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் தாயின் உதடுகள் பிள்ளையோடு சேர்ந்து அசைவது புரியும். அப்புறம் வெளியே வந்தால், உலர்ந்த செஸ்ட்நட் கொட்டைகளை கோகோவும் ஆரஞ்சுத் தோலும் கிராம்பும் போட்டுக் கொதிக்க வைத்த இம்புல்யூத்தா சுடச்சுடக் கிடைக்கும். அந்தக் குளிரில் அதன் ருசியே தனி.

படகு நிற்பதைப் பற்றிச் சகோதரி பயமுறுத்தினார். வடகிழக்குக் காற்று வீசினால் சில மணி நேரம், சில சமயம் அதற்கு மேலும் நிற்கும். அதனால் திரும்பும் விமானத்துக்கு முந்தின நாளே பெரிய தீவுக்கு வந்துவிடுங்கள், அவ்வளவுதான். ஆனால் அந்தக் காற்றைப் பற்றி பைபிளின் அப்போஸ்தலர் நடபடிகள் என்ன சொல்கிறது? குளிர்காலம் நெருங்கும் நேரத்தில், இயேசுவின் செய்தியைப் பரப்பிய பவுலையும் சேர்த்து 276 பேர் வந்த கப்பல் புயலில் சிக்கி மால்டாவில் உடைந்தது. மழையிலும் குளிரிலும் நடுங்கியவர்களுக்குத் தீவுக்காரர்கள் நெருப்பு மூட்டி, எல்லோரையும் சேர்த்துக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்துத்தான் கப்பலேறினார்கள். மால்டா மக்கள் தங்கள் நம்பிக்கையின் தொடக்கமாகச் சொல்வது இந்தக் கதையைத்தான். அந்தக் கதையில் விருந்தாளிகள் வந்து இறங்கியது வெயில் காலத்தில் அல்லவே!

கடை மூடியிருக்கும் என்ற வாதத்துக்கு நீண்ட பதில் வேண்டாம். 24ஆம் தேதியே ரொட்டியும் பாலும் வாங்கி வையுங்கள். மறுநாள் கடைக்காரரும் தன் பிள்ளைகளோடு சாப்பிட வேண்டாமா?

கோடையிலும் திருவிழா உண்டு என்று எதிரணி சொல்லும். ஆகஸ்ட் 15 மாதா விழா, பேண்டு வாத்தியம், வாணவேடிக்கை, எல்லாம் அருமையானவை. நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அவற்றைத் தெருவில் கூட்டத்தோடு நின்று பார்த்துவிட்டு நம் அறைக்குத் திரும்புகிறோம். டிசம்பரில் வெளியூர்க்காரர் குறைவு, இரவு நீளம், பண்டிகை வீட்டுக்குள் நடக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர் நம் முகத்தைக் கவனிக்கிறார். வந்து குடிலைப் பாருங்கள் என்கிறார், கரும்புப் பாகு பூரணம் வைத்த வளையப் பலகாரத்தைக் கையில் கொடுக்கிறார்.

அடுத்துப் பேச எதிரணித் தலைவர் வருகிறார். கோடையில் போய்வந்தபோது அவரோடு உட்கார்ந்து பேசிய ஒரு தீவுக்காரரைப் பற்றி இந்த மேடையில் சொல்லட்டும். ஆவலோடு கேட்டுக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.