காலையில போனா ஃப்ளூ ஊசி, சாயங்காலம் போனா இல்லையா?

[திரையில்: கிளினிக் சுவர்க் கடிகாரம், காலை 8 மணி]

அமெரிக்காவுல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தோட மருத்துவ அமைப்புல சேர்ந்த 11 கிளினிக்குகள். 2014-லேருந்து 2017 வரைக்கும் அங்க வந்தவங்கள்ல, ஃப்ளூ ஊசி, அதாவது ஃப்ளூ காய்ச்சல் தடுப்பூசி, போட வேண்டியிருந்தவங்களோட பதிவுகளை மட்டும் எடுத்து ஆராய்ச்சியாளர்கள் அலசினாங்க. காலை எட்டு மணிக்கு டாக்டரைப் பார்த்தவங்கள்ல சுமார் 44 சதவீதம் பேர் ஊசி போட்டுக்கிட்டாங்க. சாயங்காலம் நாலு மணிக்கு வந்தவங்கள்ல? சுமார் 32.

அதே கிளினிக், அதே ஊசி. அமெரிக்காவுல ஆறு மாசக் குழந்தையிலேருந்து எல்லாருமே வருஷா வருஷம் ஃப்ளூ ஊசி போட்டுக்கணும்கிற பரிந்துரை 2010-லயே வந்து, இந்த ஆய்வு நடந்தப்பவும் நடப்புல இருந்துச்சு. அதனால யாருக்குப் போடலாம்னு டாக்டர் உட்கார்ந்து யோசிக்கவும் வேண்டியிருக்கல. அப்புறம் ஏன் குறையுது?

[திரையில்: காத்திருக்கும் கூட்டம், கடிகார முள் நகர்கிறது]

மதியம் தாண்டினா அப்பாயின்ட்மென்ட் எல்லாம் ஒண்ணு பின்னால ஒண்ணா தள்ளிப்போயிடும். சுகர் ரிப்போர்ட், பிபி, முட்டிவலி, தூக்கம் வரல. இதெல்லாம் பேசி முடிக்கிறதுக்குள்ள அடுத்த ஆள் வாசல்ல நிப்பாரு. ஊசியைப் பத்தி நோயாளியும் கேக்கல, டாக்டரும் எடுக்கல. நாள் முழுக்க முடிவெடுத்து முடிவெடுத்து வர்ற களைப்பும் இதுல சேரும்ங்கிறது ஆராய்ச்சியாளர்களோட கணிப்பு.

அப்போ டாக்டர் வாயைத் திறந்தா அவ்வளவு வித்தியாசம் வருமா? அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம், அதாவது சிடிசி, கர்ப்பிணிகள்கிட்ட நடத்தின கருத்துக்கணிப்புகள்ல வருதுன்னுதான் தெரியுது. டாக்டர் பரிந்துரைச்சு, அங்கேயே போட்டுக்கலாம்னு சொல்லியோ, போடுற இடத்துக்கு அனுப்பியோ விட்ட கர்ப்பிணிகள், எதுவுமே சொல்லப்படாதவங்களைவிட ஏறக்குறைய மூணு மடங்கு அதிகமா ஊசி போட்டிருக்காங்க. ஆனா இந்த மூணு மடங்கையும் டாக்டர் கணக்குல எழுதிடாதீங்க. ஊசியில ஏற்கெனவே நம்பிக்கை இருக்கறவங்களுக்குத்தான் டாக்டர் சொன்னது ஞாபகத்துல நிக்கும். சரின்னு சொல்லுவாங்கன்னு தெரிஞ்சவங்ககிட்டதான் சில டாக்டருங்க பேச்சையே எடுப்பாங்க.

சொல்றது மட்டும் இல்ல, எப்படிச் சொல்றாங்கங்கிறதும் இருக்கு. 2013-ல சியாட்டில் பக்கத்துல குழந்தை டாக்டருங்க பெற்றோர்கிட்ட பேசுறதை வீடியோ எடுத்துப் பார்த்த ஒரு ஆய்வு வெளிவந்துச்சு. பேச்சு குழந்தைகளோட ஊசியைப் பத்தினது, ஃப்ளூ இல்ல. ஆனாலும் கவனிங்க.

[திரையில்: இரண்டு வசனங்கள் அடுத்தடுத்து]

"இன்னிக்கு ஊசி இருக்கு, போட்டுடலாம்." இப்படி ஆரம்பிச்சா 26 சதவீதப் பெற்றோர் தயங்கினாங்க.

"ஊசி விஷயத்துல என்ன பண்ணலாம்னு இருக்கீங்க?" இப்படிக் கேட்டா 83 சதவீதம் பேர்!

மரியாதையாத்தான் கேக்கறாரு. ஆனா 'டாக்டருக்கே உறுதியில்லையோ'ன்னு கேக்கறவங்க மனசுல ஒரு சந்தேகம் விழுந்துடுதுன்னு எனக்குத் தோணுது. தயக்கம் வந்த பிறகும் டாக்டர் விடாம தன் பரிந்துரையில நின்னப்போ, தயங்கினவங்கள்ல கிட்டத்தட்ட பாதிப் பேர் ஒத்துக்கிட்டாங்க. இதுல ஒரு சிக்கலும் உண்டு. நேரடியா 'போட்டுடலாம்'னு சொன்ன டாக்டரைப் பார்த்துட்டு வந்த பெற்றோர், அந்தச் சந்திப்புக்குக் கொஞ்சம் குறைவான மதிப்பெண்தான் குடுத்தாங்க.

சரி, பென்சில்வேனியாவுக்கே திரும்புவோம். அந்த 11 கிளினிக்குகள்ல மூணுல மட்டும் ஒரு மாற்றம் பண்ணாங்க. நோயாளி டாக்டர் அறைக்குப் போறதுக்கு முன்னால பார்க்கிற மருத்துவ உதவியாளரோட கம்ப்யூட்டர்ல, 'இவருக்கு ஃப்ளூ ஊசி பாக்கி'ன்னு ஒரு அறிவிப்பு வரும். அவங்க நோயாளிகிட்ட கேட்டு, ஆர்டரைத் தயாரா எழுதி வெச்சுடுவாங்க. டாக்டர் அதைப் பார்த்து ஒப்புதல் குடுத்தாப் போதும். மத்த கிளினிக்குகளோட ஒப்பிட்டா, ஊசி போட்டுக்கிட்டவங்க சுமார் 9.5 சதவீதப் புள்ளி கூடினாங்க. பேச்சை ஆரம்பிக்கிற பாரத்தை டாக்டர் தலையிலேருந்து இறக்கினதுக்கே இவ்வளவு பலன்.

அப்பவும் சாயங்காலச் சரிவு மட்டும் போகல. காலையில உயர்ந்துச்சு, மாலையிலயும் உயர்ந்துச்சு, இடையில இருந்த பள்ளம் அப்படியேதான் இருந்துச்சு.

[திரையில்: ஃபோனில் ஒரு குறுஞ்செய்தி]

2020 ஃப்ளூ சீசன்ல, பென்சில்வேனியாவுலயே ரெண்டு மருத்துவ அமைப்புகள்ல இன்னொரு வழியைச் சோதிச்சாங்க. டாக்டரைப் பார்க்க வர்றதுக்கு முன்னாடியே நோயாளி ஃபோனுக்கு எஸ்எம்எஸ். மொத்தம் 19 விதம், 47,000-க்கும் அதிகமானவங்க. அதிகமா வேலை செஞ்சது, 'உங்களுக்காக ஒரு ஃப்ளூ ஊசி எடுத்து வெச்சிருக்கோம்'ங்கிற ரகம். அதுல கூடினது சுமார் 4.6 சதவீதப் புள்ளி. ரெண்டும் வேற வேற ஆய்வு, அதனால 9.5-ஐயும் 4.6-ஐயும் ஒரே தராசுல வைக்க முடியாது. ஆனா எஸ்எம்எஸ் காலை எட்டு மணி ஆளுக்கும் சாயங்காலம் நாலு மணி ஆளுக்கும் ஒரே மாதிரிதான் போய்ச் சேரும்.