நான் மாட்டின் கட்சி

நடுவர் அவர்களே, ஹட்டன் பெருமக்களே, வணக்கம். மாட்டுப் பொங்கலன்று பார்த்து மாட்டைக் கூண்டில் ஏற்றிய விழாக் குழுவுக்கும் வணக்கம். சுகமில்லை என்று நடித்த மாடு சோம்பேறியா, அதை நடிக்க வைத்த எசமான் குற்றவாளியா என்பது தலைப்பு. எசமான்தான் என்பது எங்கள் அணி.

எதிரணி அக்கா ‘ஆயிரத்தொரு இரவுகள்’ தொகுப்பில் வரும் அந்த அரபுக் கதையைப் பாதியோடு நிறுத்திவிட்டார். விடியுமுன் ஏரில் பூட்டுகிறார்கள், இருட்டும்வரை விடுவதில்லை, தீனியிலும் மண் என்று மாடு அழுகிறது. ‘அடித்தாலும் எழும்பாதே, தீனியைத் தொடாதே’ என்று கழுதை யோசனை சொல்கிறது. மாடு படுத்துவிடுகிறது. இவ்வளவுதான் அக்கா சொன்னது.

அந்த எசமானுக்கு மிருகங்களின் பேச்சு விளங்கும், ஐயா! அதை அக்கா ஏன் விட்டார்? மாடு அழுததை முழுக்க எசமான் தன் காதாலேயே கேட்டார். கேட்டுவிட்டு நல்ல தீனி போட்டாரா? நேரத்தைக் குறைத்தாரா? கழுதையைப் பிடித்து ஏரில் பூட்டச் சொன்னார். தெரியாமல் செய்திருந்தால் மன்னிக்கலாம். இவர் தெரிந்தே செய்தவர்.

தேயிலைத் தோட்டத்தில் இது நமக்குப் புதிதா? காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பெரட்டுக் களத்தில் ‘ஐயா, மேலுக்கு முடியல’ என்று நின்றவளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தவர் யார்? காய்ச்சலோடு மலைக்குப் போய்க் கொழுந்து குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம். 2021இல் நாள் சம்பளம் 1,000 ரூபா என்றதும் கைதட்டினோம். அப்புறம் பல தோட்டங்களில் நாளுக்குப் பறிக்க வேண்டிய கொழுந்தின் கிலோவும் கூடியது. உண்மைக் காய்ச்சலையே நம்பாத இடத்தில், காய்ச்சல்காரியும் கொஞ்சம் கூட்டித்தான் முனக வேண்டியிருக்கிறது.

மாட்டின் நடிப்பை நியாயப்படுத்தினால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களாம், எதிரணி சொல்கிறது. திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வராத பிள்ளை எந்த லயத்து வீட்டு வரிசையில் இருக்கிறது? விசாரித்துப் பாருங்கள், செய்யாத கணக்கோ அடிக்கிற வாத்தியாரோ பின்னால் இருக்கும். எதிரணியில் இரண்டு பேர் ஆசிரியர்கள். அவர்களுடைய மெடிக்கல் லீவைப் பற்றி நான் பேசப் போவதில்லை.

சரி, மிச்சக் கதை. உழுது களைத்த கழுதை, ‘நீ எழும்பாவிட்டால் உன்னை இறைச்சிக்காரனுக்குக் கொடுக்கப் போகிறாராம்’ என்று மாட்டிடம் ஒரு பொய்யை அவிழ்த்துவிடுகிறது. மறுநாள் மாடு துள்ளுகிறது. ஆட்களை மிரட்டி வேலை வாங்கும் கங்காணி வேலையைக் கழுதையே பார்த்துவிட்டது! எசமான் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு எதிரணி ஒரு நியாயம் சொல்லட்டும், மாடு சோம்பேறிதான் என்று நானே ஒத்துக்கொள்கிறேன். நன்றி, வணக்கம்.