பலகை மாட்டும் முன் பக்கத்துச் சபையைப் பாருங்கள்

நேயர்களுக்கு அன்பின் வணக்கம். மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரி ஒரு தோட்டப் பட்டணத்தில் புதிதாக ஒரு தமிழ்ச் சபை தொடங்க வேண்டும் என்ற பாரம் உங்களில் சிலருக்கு இருக்கும். கடைவீடு பார்ப்பதற்கும் பலகை எழுதக் கொடுப்பதற்கும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. அந்த ஊரில் ஏற்கெனவே ஊழியம் செய்கிற போதகர்களோடு உட்கார்ந்து பேசுங்கள். இன்று பெரும்பாலும் அதைப் பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

தமிழ்நாட்டில் பழைய மிஷன் சங்கங்கள் பகுதி பிரித்துக்கொண்டு உழைத்தன. நாகர்கோவில் பக்கம் லண்டன் மிஷன், மதுரைப் பக்கம் அமெரிக்க மிஷன், திருநெல்வேலியில் ஆங்கிலிக்கன் சங்கங்கள், தரங்கம்பாடி, தஞ்சாவூர், திருச்சி என்றால் லுத்தரன். அதிலும் உரசல்கள் உண்டு. ஆனாலும் அடிப்படை ரோமர் 15:20இல் இருக்கிறது: மற்றொருவன் போட்ட அஸ்திபாரத்தின்மேல் கட்டக் கூடாது என்று பவுல் தனக்கே ஒரு எல்லை வைத்துக்கொண்டார். இங்கே மலேசியாவில் தோட்டங்கள் துண்டாடப்பட்டு, ஜனங்கள் தாமான் என்கிற குடியிருப்புப் பகுதிகளுக்கும் மலிவு வீடுகளுக்கும் குடிபெயர்ந்த பிறகு நம்மிடம் அப்படி ஓர் எல்லையே இல்லாமல் போய்விட்டது. ஒரே தாமானில் ஒரே கிறிஸ்தவக் குடும்பத்தை மூன்று சபை வேன்கள் தேடி வருகின்றன. செம்பனைத் தோட்டத்துக்குள் பத்து கிலோமீட்டர் தள்ளியிருக்கும் லயத்துக்கு, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு, ஒருவரும் போவதில்லை.

ஆகவே முதல் மாதம் கணக்கெடுப்புக்கு. ஒரு பெரிய தாளில் ஊரின் தோட்டங்கள், தாமான்கள், அடுக்குமாடிகள் எல்லாவற்றையும் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே எந்தச் சபை போகிறது, எந்த நாள், எந்த மொழி, எத்தனை வீடு என்று குறியுங்கள். மெதடிஸ்ட், லுத்தரன், ஆங்கிலிக்கன், கத்தோலிக்கர், பெந்தெகொஸ்தே, தனிச் சபை, ஒன்றையும் விடாதீர்கள். போதகரை நேரில் பார்த்து, “ஐயா, உங்களால் எட்ட முடியாத இடம் எது?” என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்குப் பெரும்பாலோர் மனம் திறந்து பதில் சொல்வார்கள். தாளில் வெறுமையாக நிற்கிற கட்டம்தான் உங்கள் வயல். அநேகமாக அது லயத்தில் தங்கிவிட்ட முதியவர்களாகவோ, தொழிற்சாலை பஸ்ஸில் ஷிப்டுக்குப் போய் ஞாயிறு காலையில் தூங்குகிற இளையோராகவோ இருக்கும். அவர்களுக்கு ஞாயிறு மாலை ஆராதனைதான் பொருந்தும்.

அடுத்தது ஒப்பந்தத் தாள். ஒரு பக்கம் போதும், ஆனால் எழுத்தில் வேண்டும். வாய்ப்பேச்சு, போதகர் மாறிய மறுநாளே மறைந்துவிடும். எந்தப் பகுதியை யார் பார்ப்பது, ஆண்டுக்கு ஒருமுறை யார் கூட்டி மறுபார்வை செய்வது என்று முதலில் எழுதுங்கள். பிறகு கடினமான பகுதி: சபை மாறி வருகிறவர்கள். பழைய போதகரோடு பேசாமல் ஒருவரையும் அங்கத்தினராகச் சேர்ப்பதில்லை, சேர்த்தாலும் ஆறு மாதத்துக்குப் பொறுப்பு கொடுப்பதில்லை என்று இரு பக்கமும் கையெழுத்திடுங்கள். கோபத்தில் கிளம்பி வருகிற பாடகரையும் பொருளாளரையும் வைத்துத் தொடங்கிய சபை, அதே கோபத்தால் உடையும்.

கல்லறையையும் அந்தத் தாளில் சேர்த்துவிடுங்கள். புதுச் சபையின் முதல் நெருக்கடி பெரும்பாலும் ஒரு மரணம்தான். கிறிஸ்தவ இடுகாடு பழைய சபைகளின் பொறுப்பில் இருக்கும் ஊரில், உடல் வீட்டில் இருக்கும்போது போய் இடம் கேட்பது குடும்பத்துக்குப் பெரும் வேதனை. திருமணமும் அப்படியே. 1982 மார்ச் 1 முதல் முஸ்லிம் அல்லாதாரின் திருமணம் சட்டப்படி பதிவாக வேண்டும். புதுப் போதகருக்குத் திருமணத் துணைப் பதிவாளர் நியமனம் தானாக வந்துவிடாது. தேசியப் பதிவிலாகாவில் பதிவு செய்யலாம். அல்லது நியமனம் பெற்ற பக்கத்துப் போதகரை அழைக்கலாம். அழைக்கிற அளவுக்கு உறவு இருக்க வேண்டும்.

வேலை தொடங்கும்போது வார இறுதி வேனை நம்பாதீர்கள். புதன்கிழமை ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் போய் நிற்க, அந்த ஊரிலேயே குடியிருக்கும் இரண்டு மூன்று குடும்பங்கள் வேண்டும். வீட்டுக் கூட்டத்துக்குப் பன்னிரண்டு பதினைந்து பேர் போதும். விடியுமுன் பிரட்டுக்கு, அதாவது தோட்டத்து வேலைப் பதிவுக்கு, எழுகிறவர்களை இரவு ஒன்பதுக்கு மேல் உட்கார வைக்காதீர்கள். வரிசை வீட்டில் ஒலிபெருக்கி வேண்டவே வேண்டாம், காரைப் பக்கத்து வீட்டு வாசலில் நிறுத்த வேண்டாம். உபதேசத்தால் வருகிற புகாரைவிடச் சத்தத்தாலும் காராலும் வருகிற புகாரே அதிகம். தோட்டம் தனியார் நிலம். மானேஜரிடம் முன்கூட்டியே அனுமதி கேளுங்கள்.

சட்டத்தைப் பற்றித் தெளிவாகச் சொல்ல வேண்டும். கூட்டரசு அரசியலமைப்பின் 11ஆவது பிரிவு, சமயத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. அதன் 4ஆம் உட்பிரிவு, இஸ்லாமியர்களிடையே பிற சமயக் கோட்பாடுகளைப் பரப்புவதைச் சட்டத்தால் கட்டுப்படுத்த இடமளிக்கிறது. நம் ஊர்களில் தமிழ் பேசும் முஸ்லிம் குடும்பங்கள் உண்டு. தமிழில் அச்சடித்தது தமிழருக்குத்தானே என்று தாமான் முழுக்கத் தபால் பெட்டியில் துண்டறிக்கை போடுவது பெரிய தவறு. தெரிந்தவர் கையில், கேட்டவர் கையில் மட்டும் கொடுங்கள். 12ஆவது பிரிவின்படி பதினெட்டு வயதுக்குக் குறைந்தவரின் சமயத்தைத் தீர்மானிப்பது பெற்றோர் அல்லது பாதுகாவலர். டியூஷனுக்கு வருகிற இந்துப் பிள்ளையை அம்மா அப்பாவுக்குத் தெரியாமல் ஜெபத்தில் உட்கார வைக்காதீர்கள். அந்தப் பிள்ளையிடம் ஞானஸ்நானத்தைப் பற்றிப் பேசவே வேண்டாம். அரிசிப் பொட்டலத்தையும் ஆராதனை வருகையையும் முடிச்சுப் போடாதீர்கள். பொட்டலம் நின்றதும் ஆள் நின்றுவிடுவார், அக்கம்பக்கத்தில் நம் பெயரும் கெடும்.

சங்கப் பதிவுக்கு ஏழு பேராவது வேண்டும். பதிவான திருச்சபையின் கிளையாகத் தொடங்கினாலும் சங்கப் பதிவாளரின் முன் அனுமதி தேவை. ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் அறிக்கை அனுப்ப வேண்டும். கடைவீடு எடுத்தால், வழிபாட்டுக்கு என்று வாடகை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள், நகராண்மைக் கழகத்திலும் தீயணைப்புத் துறையான பொம்பாவிலும் முதலில் விசாரியுங்கள். மாடி வாடகை மலிவு. ஆனால் ஒற்றைப் படிக்கட்டில் முழங்கால் வலிக்காரப் பாட்டிகள் ஏற மாட்டார்கள், தீ பிடித்தால் இறங்க வேறு வழியும் இல்லை.

இனி பணம். கோலாலம்பூரில் உள்ள பெரிய சபை உதவ முன்வந்தால், முதல் நாளே அளவைக் குறியுங்கள்: முதல் ஆண்டு செலவில் அறுபது விழுக்காடு, இரண்டாம் ஆண்டு நாற்பது, மூன்றாம் ஆண்டு இருபது, பிறகு இல்லை. தேதி சொல்லாத உதவி திடீரென்று நிற்கும், அன்றைக்கே ஊழியருக்குச் சம்பளமும் நிற்கும். கொடுப்பவர் முதலாளி ஆகிவிடவும் கூடாது. வெள்ளாளன்விளையில் பிறந்து பின்னாளில் பேராயரான அசரியா, 1910இல் எடின்பரோ மிஷனெரி மாநாட்டில் மேல்நாட்டுச் சபைகளிடம் கேட்டது, “எங்களுக்கு நண்பர்களைத் தாருங்கள்” என்பது. 1903இலேயே திருநெல்வேலிக்காரரின் காசில் இந்திய மிஷனெரி சங்கத்தைத் தொடங்கக் கைகொடுத்தவர் அவர். கோலாலம்பூர் நண்பர்கள் ஆண்டுக்கொரு நற்செய்திக் கூட்டம் நடத்திவிட்டுப் போவதைவிட, மாதம் ஒரு சனிக்கிழமை வந்து உள்ளூர் ஊழியரோடு வீடு வீடாக நடப்பது பயன் தரும்.

காணிக்கையைப் போதகரின் சொந்தக் கணக்கில் போட வேண்டாம். சபைப் பெயரில் வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, இரண்டும் ஒரே குடும்பமாக இருக்கக் கூடாது. ஆராதனை முடிந்ததும் இருவர் எண்ணி அங்கேயே எழுதட்டும். 2 கொரிந்தியர் 8இல் பவுல், தர்மப் பணத்தைத் தீத்துவோடு வேறு சகோதரரையும் சேர்த்துத்தான் அனுப்பினார். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரவு செலவைச் சபையில் வாசியுங்கள், ஒரு பிரதியை உதவி செய்கிற சபைக்கும் அனுப்புங்கள்.

நன்றி, வணக்கம்.