வெண்பனிக்குள் காற்று புகுந்தால்

(கிளிநொச்சியில் உயர்தர மாணவர்களிடையே பேசியதன் எழுத்து வடிவம்)

பிள்ளைகளே, வன்னி வெயிலில் இருந்துகொண்டு வெண்பனியைப் பற்றியா என்று பின்வரிசையில் சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள். கனடாவிலோ நோர்வேயிலோ ஒரு சித்தப்பா, ஒரு மாமி இல்லாத வீடு இங்கே குறைவு. அவர்கள் வாசலில் குவிந்து கிடப்பதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பனிக்கட்டியின் வெப்பக் கடத்தாறு, அதாவது வெப்பம் அதனூடாக எவ்வளவு எளிதாகக் கடக்கிறது என்பதன் அளவு, ஏறத்தாழ 2.2. புதிதாக விழுந்த வெண்பனிக்கோ அது 0.1ஐக்கூட எட்டுவதில்லை. (அலகு உங்களுக்குத் தெரிந்ததுதான்: மீற்றருக்கும் கெல்வினுக்கும் இத்தனை வாற்று.) இரண்டும் ஒரே பொருள். ஆனால் புது வெண்பனியின் கனவளவில் பத்தில் ஒன்பது பங்கு காற்று. அசையாத காற்றின் கடத்தாறு 0.024தான்.

முல்லைத்தீவிலிருந்து மீன் ஏற்றும் ரெஜிபோம் (இலேசான வெள்ளை நுரைப் பிளாஸ்ரிக்) பெட்டியும் இப்படிக் காற்றை அடைத்துத்தான் ஐஸைக் காக்கிறது. ஒரு வேறுபாடு: அதன் அறைகள் மூடியவை. வெண்பனியின் துளைகளோ ஒன்றுக்கொன்று திறந்து கிடப்பவை. வில்லங்கம் அங்கேதான்.

வெளிநிலத்தில் வெண்பனியின் மேற்பரப்பு அலை அலையாக இருக்கும். காற்று வீசும்போது அலையின் முன்பக்கத்தில் அமுக்கம் கூடும், பின்பக்கத்தில் குறையும். வேறுபாடு சிறியது; ஆனாலும் துளைகளுக்குள் காற்றை நகர்த்த அது போதும். குளிர்காற்று உள்ளே போகிறது, வெப்பத்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வருகிறது. இது கடத்தல் அல்ல, மேற்காவுகை: நகரும் காற்றே வெப்பத்தைச் சுமந்து செல்வது. அளப்பவர் எல்லாவற்றையும் கடத்தல் என்றே கணக்கிட்டால், கடத்தாறு கூடிவிட்டதுபோலத் தெரியும்.

காற்று வீசாவிட்டாலும் இது நடக்கலாம். அடியில் நிலத்தின் சூடு, மேலே கடுங்குளிர். அடிக்காற்று இலேசாகி எழும், மேற்காற்று இறங்கும். அலாஸ்காவின் பெயர்பாங்ஸில் ஸ்டர்ம், ஜோன்சன் என்ற இருவர் இதை வெண்பனிக்குள்ளேயே அளந்து 1991இல் வெளியிட்டார்கள். போதாக்குறைக்கு, அடியில் பனித்துகள்களிலிருந்து எழும் நீராவி மேலே போய்ப் படியும்போது, ஆவியாகையில் எடுத்துக்கொண்ட மறைவெப்பத்தையும் அங்கே விட்டுவிடுகிறது.

எனக்கு மிகவும் பிடித்தது இனித்தான் வருகிறது. பலத்த காற்று பனித்துகள்களை உடைத்து நெருக்கி அடுக்கிவிடும். கன மீற்றருக்கு 100 கிலோகிராம் இருந்த இடத்தில் 300, 400 ஆகிவிடும். கடத்தாறு பல மடங்கு கூடும். ஆனால் துளைகள் ஒடுங்குவதால், அதன்பின் காற்றுக்கே உள்ளே போக வழி குறைந்துவிடும்! ஒரு வழியை அடைத்துவிட்டு மற்றதைத் திறந்துவிடுகிறது.

ஆகவே வெண்பனிக்கு ஒரே எண்ணைத் தந்து கணக்குக் கேட்டால், அடர்த்தி என்ன, காற்று வீசியதா என்று கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. பரீட்சை மண்டபத்தில் மட்டும் கேட்காதீர்கள். அங்கே ‘காற்று அசையவில்லை எனக் கொள்க’ என்று ஒரு வரி எழுதிவிட்டுக் கணக்கைச் செய்யுங்கள்.