ஆத்துல போட்டாலும் அளந்து போடு: நொய்யல் பத்தி எங்க ஊரு கூட்டத்துல பேசினது

எல்லாத்துக்கும் வணக்கமுங்க.

மேடையில இருக்கற விழாத் தலைவர் ஐயா அவங்களுக்கும், தோட்டத்து வேலைய பாதியில விட்டுட்டு வந்திருக்கற நம்ம பஞ்சாயத்துத் தலைவர் அம்மாவுக்கும், பள்ளிக்கூடத்து ஹெச்எம் டீச்சருக்கும், வாடகை வாங்காம மண்டபத்தைக் குடுத்த அண்ணாவுக்கும் (கரண்ட் பில்லு மட்டும் கட்டிருங்கன்னு சொல்லியிருக்காரு, செயலாளர் அதைக் கவனிச்சுக்கணும்), கடைமடையில இருந்து டெம்போ புடிச்சு வந்திருக்கற விவசாயிகளுக்கும், பின்னாடி நின்னுட்டு இருக்கற பசங்களுக்கும் வணக்கம். யாராச்சும் விட்டுப்போயிருந்தா கோவிச்சுக்காதீங்க, போன வருஷம் ஒருத்தர் பேரை விட்டுட்டேன்னு அவரு ஒரு வருஷமா எங்கூட பேசறதில்லீங்க, இன்னிக்கு மொத வரிசையிலயே உக்காந்திருக்காரு, வணக்கமுங்க மாமா.

இந்தப் பொன்னாடைக்கு நன்றி. ஆனா ஒன்னு சொல்லிக்கறேன், இது எனக்கு வந்த பதினோராவது பொன்னாடை, வீட்ல வெக்க எடமில்ல. இந்த விலைக்குக் கூட கொஞ்சம் போட்டா, தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குதுன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒன்னு பேனா சைஸ்ல வாங்கிரலாம். அடுத்த தடவை கழுத்துல துண்டுக்கு பதிலா கையில ஒரு மீட்டரைக் குடுங்க. சிரிக்காதீங்க, நான் நெசமாத்தான் சொல்றேன்.

இன்னிக்கு எனக்குக் குடுத்த தலைப்பு நம்ம நொய்யலைச் சுத்தம் பண்றது எப்படிங்கறது. மூணு விஷயமா பேசறேன். ஒன்னு சாயத்தண்ணி, ரெண்டு சாக்கடை, மூணு குளமும் வாய்க்காலும். பெரியவங்க ஒரு பழமொழி சொல்லுவாங்க, ஆத்துல போட்டாலும் அளந்து போடுன்னு. அதை மனசுல வெச்சுக்கோங்க, நடுவுல நடுவுல கேப்பேன்.

ஆறுன்னா எது ஆறுன்னு மொதல்ல பாத்துக்கலாம். வெள்ளியங்கிரி மலையில பொறந்து, பேரூர்ல பட்டீசுவரரைக் கும்பிட்டுட்டு, கோயமுத்தூரு, திருப்பூரு, ஈரோடு, கரூருன்னு நாலு ஜில்லா நடந்து, நொய்யல்ங்கற ஊருலயே போய் காவேரில சேருது. பழைய பேரு காஞ்சிமாநதி. இப்ப இருக்கற புள்ளைங்க கிட்ட காஞ்சிமாநதின்னு சொன்னா காஞ்சிபுரத்துலயான்னு கேக்குதுங்க. இந்த ஆத்துல நம்ம முன்னோருங்க பண்ணி வெச்ச வேலை சாதாரணமில்லீங்க. சித்திரைச்சாவடியில ஆரம்பிச்சு வரிசையா தடுப்பணை, தடுப்பணையில இருந்து வாய்க்கால், வாய்க்கால் போய் குளத்தை நெப்பும், குளம் நெம்பி மிச்சமாகறது திரும்ப ஆத்துக்கே வந்து அடுத்த அணைக்குப் போகும். உக்கடம் பெரியகுளம், குறிச்சிக்குளம், சிங்காநல்லூர் குளம் எல்லாம் அந்தக் கணக்குத்தான். எவ்வளவு வந்துச்சு, எவ்வளவு எடுத்தோம், எவ்வளவு திரும்ப விட்டோம், எல்லாமே அளவு. மடைக்கல்லு ஒயரம் ஒரு விரக்கடை ஏறுனா ஊருக்குள்ள சண்டை வந்துரும். குளத்தைப் பத்தி அப்புறம் வர்றேன்.

மொதல்ல சாயம். இதை நான் புத்தகத்துல படிக்கல, எங்கூட்டு மோர்ல இருந்து படிச்சேன். அந்தக் கதைய சொல்லாம விட்டா என் வீட்டுக்காரம்மா கோவிச்சுக்குவாங்க, அவங்க மூணாவது வரிசையில உக்காந்திருக்காங்க.

1998ல எனக்குப் பொண்ணு பாத்துட்டு, பொண்ணு வீட்டுக்காரங்க எங்க வீடு பாக்க வந்தாங்க. எங்க ஊரு ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழ. அணை 1992ல தெறந்தாங்க, பாசனத்துக்குன்னு கட்டுன அணை, தெறந்தப்ப ஊரே போய் கும்பிட்டுச்சு, அஞ்சாறு வருஷத்துல அணைத் தண்ணிய தெறந்து விடாதீங்க சாமின்னு அதே ஊரு கும்பிடுச்சு. மேல திருப்பூர் சாயப்பட்டறைகள்ல இருந்து வந்த சாயத்தண்ணி பூராம் அதுல தேங்கி நின்னு கெணத்துக்கெல்லாம் எறங்கிருச்சு. எளநி உப்புக் கரிக்கும். பருப்பு வேகாது. எங்க அப்பத்தா மோருக்கு உப்பு போடறதையே நிறுத்திப்போட்டாங்க, கெணத்துத் தண்ணி ஊத்துனாலே போதும்.

அன்னிக்கு ஒறம்பர வர்றாங்கன்னு அப்பா விடியக்காலம் சைக்கிள்ல ரெண்டு கொடம் கட்டிட்டு ஏழு கிலோமீட்டர் போய் நல்ல தண்ணி கொண்டாந்தாரு. ஆறு பேரு வர்றோம்னாங்க. வந்தது பதினாலு பேரு. வேன்ல இருந்து எறங்க எறங்க அப்பத்தா எண்ணிட்டே இருந்தாங்க, எட்டைத் தாண்டினதும் மொகம் மாறிருச்சு. காப்பிக்கே நல்ல தண்ணி முடிஞ்சுது. அப்புறம் வெயிலா இருக்குது மோர் இருந்தா குடுங்கன்னாங்க, சித்தி வேற வழியில்லாம கெணத்துத் தண்ணிய ஊத்திக் கலக்கிக் குடுத்துட்டாங்க.

பொண்ணுக்குத் தாய்மாமன் ஒருத்தரு வந்திருந்தாரு, திருப்பூர்ல ஒரு சாயப்பட்டறையில டையிங் மாஸ்டர். ஒரு வாய் குடிச்சாரு. மோர் அருமை, உப்புத்தான் கொஞ்சம் தூக்கலா இருக்குதுங்கன்னாரு. எங்க அப்பத்தாளுக்குப் பொய் வராதுங்க. "உப்பே போடலீங்களே சாமி"ன்னாங்க. அவ்வளவுதான், திண்ணை கப்புசிப்புன்னு ஆயிருச்சு. அந்த மனுசன் ஒன்னும் பேசாம எந்திரிச்சு கெணத்தடிக்குப் போனாரு, சோப்பு கேட்டாரு, கையில போட்டுத் தேய்க்கறாரு தேய்க்கறாரு, நுரை வரவே இல்ல. மோந்து பாத்தாரு. மூடியோட ஒரு பாட்டில் இருந்தா குடுங்கன்னாரு. எங்க சித்தப்பா ஆர்வத்துல ஓடிப்போய் வைக்கப்போருக்குள்ள கையை விட்டு ஒரு குவாட்டர் பாட்டிலை எடுத்தாந்து நீட்டிட்டாரு! மூணு வருஷமா சித்தி தேடிட்டு இருந்த எடம் அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. கல்யாணம் நடக்குமா நடக்காதான்னு நாங்க தவிக்கறோம், அங்க வைக்கப்போரு பக்கத்துல வேற ஒரு பஞ்சாயத்து நடக்குது.

அதுல தண்ணிய புடிச்சுட்டுப் போனவரு ஒரு வாரம் கழிச்சு தனியா வந்தாரு. சட்டைப் பாக்கெட்ல இருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்துக் குடுத்தாரு. அதுல 3,700ன்னு மட்டும் எழுதியிருந்துச்சு. என்னங்க மாமா இதுன்னேன். ஒரு லிட்டர்ல 3,700 மில்லிகிராம் கரைஞ்ச உப்பு மாப்ளைன்னாரு. "நாங்க துணி நனைக்கற தண்ணி 500ஐத் தாண்டுனா நான் லாரியைத் திருப்பி அனுப்பிருவேன். துணிக்கு ஆகாத தண்ணிய நீங்க குடிச்சுட்டு இருக்கறீங்க."

அப்புறம் அவரே சொன்னாரு பாருங்க, அதுதான் எனக்கு இன்னிக்கு வரைக்கும் பேச்சு. ஒரு கிலோ துணிக்கு எட்டு லிட்டர் தண்ணின்னு வெச்சுக்கோங்க, டார்க் கலருக்கு லிட்டருக்கு 60 கிராம் உப்பு போட்டா ஒரு கிலோ துணிக்குக் கிட்டத்தட்ட அரைக் கிலோ உப்பு. உப்பு எதுக்குன்னா, சாயம் தண்ணியிலயே சுத்திட்டு நிக்காம நூல்ல போய் ஏறணும், அதைத் தள்ளி விடறதுக்கு. தள்ளி விட்டதோட அது வேலை முடிஞ்சுது, துணியில ஒரு பிடி கூட நிக்காது, போட்டது போட்டபடி வெளிய வந்துரும். சாயம் கிராம் கணக்கு, சோடா கிராம் கணக்கு, சூடு டிகிரி கணக்கு, நேரம் நிமிஷக் கணக்கு. "உள்ள போற ஒவ்வொன்னையும் தராசுல வெச்சுத்தான் போடறேன் மாப்ள, ஒரு கிராம் மாறுனா ஷேடு மாறிரும், முதலாளி தோலை உரிச்சுருவாரு. வெளிய போறதை மட்டும் நான் ஒரு நாளும் அளந்ததில்ல. யாரும் கேக்கல." அப்பத்தா உள்ள இருந்து கேட்டுட்டே இருந்தாங்க போல. வெளிய வந்து நின்னு, "ஆத்துல போட்டாலும் அளந்து போடும்பாங்க, நீங்க ஆத்துலயே போட்டுட்டு அளக்காம உட்டுட்டீங்களே சாமி"ன்னாங்க. அவரு தலையைக் குனிஞ்சுட்டாரு. பொண்ணு குடுத்தாங்க, ஆனா ஒரு கண்டிஷன், எங்க புள்ளைக்குக் குடிக்க லாரித் தண்ணின்னு. லாரித் தண்ணிக்கே சம்பாரிச்ச மாப்ளை நாந்தான்.

சரி, நேரமாச்சுன்னு செயலாளர் பாக்கறாரு. சுருக்கமா சொல்லிடறேன். இந்த அப்பத்தா கேட்ட கேள்வியைத்தான் ஆயக்கட்டு விவசாயிகள் கோர்ட்ல போய் கேட்டாங்க. 2006 டிசம்பர்ல ஹைகோர்ட் சொன்னது என்ன? கழிவுத்தண்ணி துளி கூட வெளிய போகக்கூடாது, அது வரைக்கும் வெளிய விடற ஒவ்வொரு லிட்டருக்கும் 6 பைசா, அப்புறம் 8, அப்புறம் 10ன்னு கட்டு. பாத்தீங்களா, கோர்ட்டே லிட்டர்ல அளந்துதான் போட்டுச்சு! பட்டறைக்காரங்க சுப்ரீம் கோர்ட் போனாங்க, 2009 அக்டோபர்ல அங்கயும் அதேதான், மூணு மாசம் டைம். அப்பவும் ஆகல. 2011 ஜனவரி 28ம் தேதி சாயப்பட்டறை, சலவைப்பட்டறை எல்லாத்தையும் மூடுங்கன்னு ஹைகோர்ட் உத்தரவு போட்டுச்சு. எழுநூறுக்கும் மேல பட்டறை. அன்னிக்கு நம்ம ஆளுங்க வெடி வெடிச்சாங்க, எனக்கு சந்தோஷப்பட முடியலீங்க, என் வீட்டுக்காரம்மாவோட அந்தத் தாய்மாமன் உட்பட எத்தனை குடும்பம் வேலையில்லாம நின்னுச்சு, பீகார்ல இருந்து வந்த பசங்க ரயில்வே ஸ்டேஷன்ல படுத்துக் கெடந்தாங்க. அப்புறம் அரசாங்கம் 200 கோடி வட்டியில்லாக் கடன் குடுத்து, பொது சுத்திகரிப்பு நிலையங்கள் ஒவ்வொன்னா ஓட ஆரம்பிச்சுது. மொதல்ல பாக்டீரியா விட்டு அழுக்கைத் தின்ன வெக்கறது, அப்புறம் ஆர்ஓ, அதுல மிஞ்சற உப்புத்தண்ணிய காச்சி உப்பைத் திரும்ப எடுத்து அதையே அடுத்த சாயத்துக்குப் போடறது. ஒலகத்துலயே பெரிய பெரிய ஊருக்காரங்க வந்து பாத்துட்டுப் போற வேலை இது, அதை நம்மாளுங்க பண்ணிக் காமிச்சாங்க, அதை ஒத்துக்கோணும். கரண்ட் செலவும் கொஞ்ச நஞ்சமில்ல. திருட்டுத்தனமா ராத்திரியில, மழை பேயறப்ப ஓடையில தெறந்து விடற ஆளு இன்னும் இருக்கான், அதையும் ஒத்துக்கோணும்.

ரெண்டாவது சாக்கடை. சாயத்தைத் திட்டற நாம குளிச்ச தண்ணி, கக்கூஸ் தண்ணி எங்க போகுதுன்னு கேட்டா ஆகாசத்தைப் பாக்கறோம். கோயமுத்தூரு சாக்கடை, திருப்பூரு சாக்கடை, வழியில இருக்கற டவுன் பஞ்சாயத்து சாக்கடை எல்லாம் இந்த ஒரே ஆத்துக்குத்தான். உக்கடத்துல 70 எம்எல்டி சுத்திகரிப்பு நிலையம் இருக்குது, ஒரு நாளைக்கு 7 கோடி லிட்டர், ஆனா பைப்பு அங்க போய் சேந்தாத்தான அது சுத்தம் பண்ணும்? ஒரு டீச்சர் போன மாசம் என்னைக் கேட்டாங்க, உங்க டிடிஎஸ் மீட்டரை சாக்கடையில வெச்சா உப்பு கம்மியாத்தான காட்டும், அப்ப சாக்கடை நல்ல தண்ணியான்னு. ஞாயமான கேள்விங்க. சாக்கடைக்கு உப்பைப் பாக்கக்கூடாது, தண்ணியில கரைஞ்சிருக்கற ஆக்சிஜனைப் பாக்கணும். குளிக்கற தண்ணியின்னா லிட்டருக்கு 5 மில்லிகிராமாச்சும் இருக்கணும்னு மத்திய மாசு கட்டுப்பாட்டு வாரியமே சொல்லுது. அதுக்கும் சின்ன கிட் கெடைக்குது, சில சொட்டு மருந்து விட்டு கலரைப் பாத்தா போதும், பள்ளிக்கூடத்துப் புள்ளைங்களே பண்ணலாம். ஆக மொத்தம் என்ன ஆச்சு? மறுபடியும் அளவுதான். ஆத்துல போட்டாலும்? ஆங், சத்தமா சொல்லுங்க.

துண்டுச்சீட்டு வந்திருச்சு, அஞ்சு நிமிஷம்னு போட்டிருக்குது. மூணாவது குளமும் வாய்க்காலும், அதை அடுத்த கூட்டத்துல வெச்சுக்கலாம், அதுக்கு ஒரு நாள் வேணும், ஆக்கிரமிப்பு பண்ணின ஆளுங்களும் இந்த மண்டபத்துலயே இருக்காங்க, சாப்பாட்டுக்கு முன்னாடி எதுக்குங்க வம்பு.

இப்ப தலைவர் அம்மா கிட்ட நான் கேக்கறது ஒன்னே ஒன்னுதான். பாலத்துக்குப் பாலம் ஒரு போர்டு. ஸ்கூட்டர்ல போறவன், பஸ்ஸுல போறவன் எல்லாத்துக்கும் கண்ணுல படற மாதிரி. தங்கம் வெலை போர்டு எழுதறோம், தக்காளி வெலை எழுதறோம், ஆத்துத் தண்ணி வெலை எழுதறதுக்கு என்ன வந்துச்சு? கரைஞ்ச உப்பு எவ்வளவுன்னு காலையில ஒரு அளவு, ராத்திரி ஒரு அளவு. சுத்திகரிச்சு விடற கழிவுத்தண்ணிக்கே லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாதுங்கறது வாரியத்துக் கணக்கு, குடிக்கற தண்ணிக்கு 500 நல்லது, வேற வழியே இல்லைன்னா 2,000 வரைக்கும். இந்த நம்பரையெல்லாம் போர்டுலயே ஓரத்துல எழுதிருவோம். ராத்திரி திடீர்னு நம்பர் எகிறுச்சுன்னா மேல எவனோ தெறந்து விட்டுட்டான்னு ஊருக்கே தெரியும், மேல இருக்கற பாலத்துல அதே நேரம் என்ன நம்பர்னு பாத்தா எந்த ரெண்டு பாலத்துக்கு நடுவுலன்னும் தெரியும். அதிகாரிங்க வர்றதுக்குள்ள தண்ணி ஓடிப்போயிருது, சாட்சி இல்லைன்னு சொல்றாங்கல்ல, போர்டு ஓடிப்போகாது. என்னை மீட்டர்க்காரன்னு கேலி பண்றாங்க, பண்ணட்டும்.

பெயிண்ட் நான் வாங்கித் தர்றேன், தகரம் நம்ம வெல்டிங் தம்பி தர்றேன்னு கை தூக்கியிருக்காரு. ஒன்பதாங்கிளாஸ் பசங்க மூணு பேரு மேடைக்கு வாங்க. இந்தா, இது என் மீட்டர், நுனியில மூடியைக் கழட்டணும், தண்ணியில முழுசா முக்கிறக்கூடாது, கோடு வரைக்கும்தான். பாலத்துக்குக் கீழ படிக்கட்டுல எறங்கி, பெரியவங்க யாரையாச்சும் கூட்டிட்டுப் போய், தண்ணி மொண்டு பாத்துட்டு நம்பரை சிலேட்டுல எழுதிட்டு வாங்க. ஹெச்எம் டீச்சர் அனுமதி குடுத்துட்டாங்க. நாங்க பந்தியில உக்காந்திருப்போம், சாம்பார் ஊத்தறதுக்குள்ள வந்துருங்க.