புதுமைப்பித்தனிலிருந்து ‘வீடு’ வரை

நேயர்கள் அனைவருக்கும் வணக்கம்.

பிடித்த புத்தகம், பிடித்த படம், பிடித்த இசைத்தொகுப்பு பற்றிப் பேசச் சொல்லி வானொலி நிலையத்தில் கேட்டார்கள். நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு இது பழகிய கேள்வி. புத்தகம் எடுக்க வருகிறவர்களில் பலர், “நல்லதா ஒண்ணு நீங்களே எடுத்துக் குடுங்கம்மா” என்பார்கள். நான் ஒன்றோடு நிறுத்துவதில்லை. அதற்கு உறவான இன்னொன்றையும் சேர்த்தே கொடுப்பேன். இன்றைக்கும் அப்படியே செய்யப்போகிறேன். ஒரு கதை. அந்தக் கதையிலிருந்து கிளம்பிய ஒரு படம். அந்தப் படத்துக்கு இசையமைத்தவர், எந்தப் படத்துக்காகவும் இல்லாமல் தனியே செய்த ஓர் இசைத்தொகுப்பு. அந்த இசையைத் தனக்கென வாங்கிக்கொண்ட இன்னொரு படம். ஒவ்வொன்றும் தனக்கு முன்னால் வந்ததிடம் கை நீட்டி வாங்கியிருக்கிறது. வாங்கியதை வைத்து வேறொன்றைச் செய்திருக்கிறது. அதனால்தான் இவற்றைச் சேர்த்துச் சேர்த்துப் படிக்கவும் பார்க்கவும் கேட்கவும் சொல்கிறேன்.

முதலில் புதுமைப்பித்தன். சொ. விருத்தாசலம் என்ற அந்த மனிதர் 1906-இல் பிறந்து 1948-இல் காசநோயால் இறந்தார். நாற்பத்திரண்டு வயது. ‘சிற்றன்னை’ அவர் எழுதிய நீண்ட கதை. மனைவியை இழந்த சுந்தரவடிவேலு என்ற பேராசிரியர், அவருடைய இரண்டு குழந்தைகள், வீட்டுக்கு வந்து சேரும் இரண்டாம் மனைவி மரகதம். புதுமைப்பித்தனின் உச்சம் இதுதான் என்று நான் சொல்லமாட்டேன். அவரை இதுவரை படிக்காதவர்கள் இதில் தொடங்கவும் வேண்டாம். ‘செல்லம்மா’ளில் தொடங்குங்கள்.

ஜவுளிக்கடைச் சிப்பந்தி பிரமநாயகம் பிள்ளை. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்து பட்டணத்தின் ஓரத்தில் குடியிருக்கிறவர். நோயாளி மனைவி. ஊருக்கு ஒரு முறை போய்வர வேண்டும் என்ற அவளுடைய ஆசை, சம்பளத்தைத் துண்டு துண்டாகக் கொடுக்கும் முதலாளி, வீட்டுக்கும் கடைக்கும் தினசரி நடை. கதை தொடங்கும்போதே அவள் உயிர் போயிருக்கிறது. அதற்குப் பிறகுதான் புதுமைப்பித்தன் நம்மைப் பின்னால் அழைத்துப்போகிறார். இறந்து கிடக்கிறவளின் உதட்டில் ஓர் ஈ வந்து உட்கார்கிறது. பிள்ளை விசிறியை எடுத்து மெல்ல வீசுகிறார். அழுகை, ஒப்பாரி ஒன்றும் கிடையாது. ஒரு மனிதன் தன் மனைவிக்குச் செய்ய மிச்சமிருக்கிற வேலை அந்த ஒன்றுதான். தமிழில் கணவன் மனைவி உறவைப் பற்றி எழுதப்பட்டதில் இதற்கு இணையாக நான் வைக்கக்கூடியவை மிகச் சில.

அதற்கு அடுத்து ‘சாபவிமோசனம்’. அகலிகையின் கதை. நமக்குத் தெரிந்த இராமாயணத்தைத்தான் எடுத்துக்கொள்கிறார். கல் பெண்ணாகிறாள். அதோடு நாம் நிறுத்திவிடுவோம். அவர் தொடர்கிறார். பிற்பாடு சீதை அவளிடம் வந்து, தான் தீக்குளித்ததைச் சொல்கிறாள். தன்னை மன்னித்தவன் தன் மனைவியைச் சோதித்தானா என்று அகலிகையின் மனம் உடைகிறது. அவள் மறுபடியும் கல்லாகிறாள். வால்மீகியிடமும் கம்பனிடமும் வாங்கிய கதையைக் கொண்டே இப்படி ஒரு கேள்வியை அவர் கேட்டிருக்கிறார். இதைப் படித்துவிட்டு ‘சிற்றன்னை’க்கு வாருங்கள். அதில் அந்தக் குழந்தைகளை அவர் எழுதியிருக்கும் விதத்துக்காகவே படிக்க வேண்டும். பெரியவர்கள் தலைக்கு மேலே என்ன முடிவெடுக்கிறார்கள் என்று தெரியாமல் விளையாடிக்கொண்டிருக்கும் குழந்தைகள்.

சினிமாவுக்கு எழுதப் போனவர்தான் புதுமைப்பித்தன். ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுத புனே போனார். அங்கேதான் நோய் முற்றியது. உயிரோடு இருந்தபோது அவரைச் சரியாகப் பயன்படுத்திக்கொள்ளாத தமிழ் சினிமா, அவர் இறந்து 31 ஆண்டுகள் கழித்து அவர் கதையைத் தேடி வந்தது. 1979-இல் மகேந்திரன் எடுத்த ‘உதிரிப்பூக்கள்’.

‘சிற்றன்னை’யைப் படித்துவிட்டுப் படத்தைப் பார்க்கிறவர்கள் கொஞ்சம் திகைப்பார்கள். கதையைக் காணவில்லையே என்பார்கள். சுந்தரவடிவேலு என்ற பெயர் இருக்கிறது. தாயில்லாமல் போகும் இரண்டு குழந்தைகள் இருக்கிறார்கள். மற்றதெல்லாம் மகேந்திரனுடையது. பட்டணத்துப் பேராசிரியர், ஒரு கிராமத்தில் எல்லாரையும் தன் சொல்லுக்கு ஆட்டிவைக்கிற மனிதனாகிறார். விஜயன் அதைச் செய்திருக்கிறார், குரலை உயர்த்தாமலே. குரூரத்தை இவ்வளவு சாந்தமான முகத்தோடு நடித்தவர்கள் நம்மிடம் அதிகம் இல்லை. அவன் மனைவி லட்சுமியாக அஸ்வினி. இவ்வளவு தூரம் விலகிப் போன பிறகும் மகேந்திரன் ‘சிற்றன்னை’க்கு உரிய பெயரைக் கொடுத்தார். ஒரு வரியை எடுத்தாலும் யாரிடம் எடுத்தேன் என்று சொல்லும் அந்த நேர்மையை நான் பெரிதாக மதிக்கிறேன்.

அசோக்குமாரின் ஒளிப்பதிவும் லெனினின் படத்தொகுப்பும் தனியாகப் பேசவேண்டியவை. இன்று அதற்கு நேரமில்லை. கடைசிக் காட்சியை மட்டும் சொல்கிறேன். பொறுமை இழந்த ஊர் முழுக்கத் திரண்டு சுந்தரவடிவேலுவை ஆற்றங்கரைக்குக் கொண்டுவருகிறது. அவனே ஆற்றில் இறங்கிப் போய்ச் சேர வேண்டும் என்பது தீர்ப்பு. அப்போது அவன் ஊராரைப் பார்த்துப் பேசுகிறான். நான் செய்த தப்புகளிலேயே பெரிய தப்பு, உங்கள் எல்லாரையும் என்னைப்போல மாற்றியதுதான் என்கிற பொருளில். கெட்டவன் ஒழிந்தான் என்று நிம்மதியாக எழுந்துபோக நம்மை விடமாட்டார் மகேந்திரன். அவனைத் தள்ளிய கூட்டத்தில் நாமும் நின்றோமா என்று கேட்க வைக்கிறார். அந்தக் கேள்வி கதையில் இல்லை. கதை இல்லாமல் இருந்திருந்தால் படமும் இல்லை.

இந்தப் படத்துக்கு இசை இளையராஜா. ‘அழகிய கண்ணே’ பாட்டை எஸ். ஜானகியின் குரலில் கேட்காதவர்கள் நம்மில் குறைவு. நான் உங்களைக் கேட்கச் சொல்வது வேறு. 1986-இல் அவர் ‘ஹவ் டு நேம் இட்’ என்று ஒரு தொகுப்பு வெளியிட்டார். படப்பாட்டு இல்லை. வார்த்தைகளும் இல்லை. பத்து வாத்திய இசைத் துண்டுகள். அதைத் தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் காணிக்கையாக்கியிருக்கிறார்.

பாக் 1750-இல் இறந்தார். தியாகராஜர் 1767-இல் பிறந்தார். ஒருவர் மூச்சு நின்று பதினேழு ஆண்டுகள் கழித்து மற்றவர். ஒருவர் தேவாலயங்களில் ஆர்கன் வாசித்தவர், மற்றவர் திருவையாற்றில் உஞ்சவிருத்தி எடுத்தவர், அதாவது பாடிக்கொண்டே வீடு வீடாக அரிசி வாங்கி வாழ்ந்தவர். இருவரையும் தன் வீட்டுக்கு அழைத்துப் பேசவைத்தால் எப்படி இருக்கும் என்று பண்ணைப்புரத்திலிருந்து வந்த ஒருவருக்குத் தோன்றியிருக்கிறது. ஒரு துண்டுக்குப் பெயரே ‘பாக்கை என் வீட்டில் சந்தித்தேன்’ என்கிற மாதிரி. அடுத்த துண்டு அந்தச் சந்திப்பில் நடந்த உரையாடல்.

அந்தச் சந்திப்புத் துண்டைக் கவனமாகக் கேளுங்கள். பாக் தனி வயலினுக்காக எழுதிய மூன்றாவது பார்ட்டிட்டாவின், அதாவது பல பகுதிகள் கொண்ட இசைத்தொடரின், முதல் பகுதி அதில் வருகிறது. ஓடிக்கொண்டே இருக்கும், மூச்சு விடாத ஸ்வரங்கள். வாசிப்பவர் வி.எஸ். நரசிம்மன். அந்த வயலின் ஓட, அதைச் சுற்றி மற்ற தந்தி வாத்தியங்கள் இளையராஜா எழுதியதை வாசிக்கின்றன. பாக்கின் ஸ்வரங்களை அவர் தொடவில்லை. வீட்டுக்கு வந்த பெரியவரைப் பேசவிட்டு, இடையிடையே தன் பேச்சையும் மரியாதையோடு சேர்க்கிறார். முதல் தடவை வயலினை மட்டும் பிடித்துக்கொண்டு போங்கள். அடுத்த தடவை அதை விட்டுவிட்டு, கூட வரும் வாத்தியங்களைக் கேளுங்கள். இரண்டும் தனித்தனியாகக் காதில் விழத் தொடங்கிய பிறகு மூன்றாவது தடவை கேட்பதுதான் உண்மையான கேட்பு. கர்நாடக இசை தெரியாது, மேற்கத்திய இசை தெரியாது என்று தயங்க வேண்டாம். எனக்கு இரண்டிலும் பயிற்சி கிடையாது. தன்ராஜ் மாஸ்டரிடம் இளையராஜா கற்ற மேற்கத்திய இசையின் இலக்கணம் எதுவும் தெரியாமலே, ஒரு குரல் முடிவதற்குள் இன்னொன்று தொடங்கி, ஒன்றையொன்று துரத்திக்கொண்டு போவது காதுக்குத் தெரியும்.

இனி நான்காவது. இந்தத் தொகுப்பின் இசையைத்தான் பாலு மகேந்திரா 1988-இல் வந்த தன் ‘வீடு’ படத்துக்குப் பயன்படுத்தினார். பாட்டு ஒன்றுகூட இல்லாத படம். இங்கே ஒரு சின்னச் செய்தி. மகேந்திரனின் முதல் படமான ‘முள்ளும் மலரும்’ உமாசந்திரன் எழுதிய நாவலிலிருந்து வந்தது. அதற்கு ஒளிப்பதிவு செய்தவர் பாலு மகேந்திரா, இசை இளையராஜா. பத்து வருடத்துக்குள் இந்த மூவரும் எத்தனை வாசல்களைத் திறந்துவிட்டிருக்கிறார்கள் பாருங்கள்.

‘வீடு’ கதையை ஒரு வரியில் சொல்லிவிடலாம். வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்கிறார்கள், சுதா என்ற வேலைக்குப் போகும் பெண் ஒரு சொந்த வீடு கட்டப் பார்க்கிறாள். தங்கை, வயதான தாத்தா, கல்யாணம் செய்துகொள்ளப் போகும் கோபி. கடன், சிமெண்ட், மழை, ஏமாற்றும் காண்டிராக்டர். சென்னையில் மனை வாங்கிக் கட்டியவர்கள் யாரும் இதில் புதிதாக எதையும் பார்க்கமாட்டார்கள். அதுதான் அதன் பலம். சுதாவாக அர்ச்சனா. தேசிய விருது அவருக்குக் கிடைத்தது. சித்தாளாக வேலை செய்யும் மங்கம்மாவாக ‘பசி’ சத்யா. காண்டிராக்டரின் திருட்டைப் போட்டு உடைப்பது அந்த மங்கம்மாதான். படித்த சுதாவுக்குத் தெரியாத கட்டட வேலை அவளுக்குத் தெரியும். இருவரும் சேர்ந்து அந்த வீட்டை எழுப்பும் பகுதிகளைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு மனம் நிறைந்துபோகும்.

தாத்தா முருகேசனாக நடித்தவர் சொக்கலிங்க பாகவதர். நாடக மேடையிலிருந்து வந்தவர். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்க அவர் தனியாகக் கிளம்பி வருகிறார். கூரை முடியவில்லை, பூச்சு வேலை ஆகவில்லை. செங்கல் சுவரைக் கையால் தடவிப் பார்க்கிறார். ஒவ்வொரு அறையாக நுழைகிறார். வேறு எதுவும் நடப்பதில்லை. ஒரு கிழவர் ஒரு கட்டடத்துக்குள் நடக்கிறார், அவ்வளவுதான். ஆனால் வாழ்நாள் முழுக்க வாடகை வீட்டில் இருந்த ஒருவர் முதல்முறையாகத் தன் சுவரைத் தொடுவது என்ன என்று அந்தக் கை சொல்லிவிடுகிறது. படம் முழுக்க இசை எங்கே வருகிறது, எங்கே வராமல் இருக்கிறது என்று கவனியுங்கள். தனியாகக் கேட்டபோது பாக்கும் தியாகராஜரும் பேசிக்கொண்ட அதே இசை, இங்கே செங்கலோடும் மணலோடும் சேர்ந்து வேறொரு பொருள் கொள்கிறது. அதனால்தான் தொகுப்பை முதலில் கேளுங்கள், படத்தைப் பிறகு பாருங்கள் என்கிறேன். மாற்றிச் செய்தால் அந்த இசை உங்களுக்கு என்றைக்கும் சுதாவின் வீடாகவே ஒலிக்கும். படத்தின் முடிவை நான் சொல்லப்போவதில்லை.

மட்டக்களப்பில் தன் சிறுவயதில் அம்மா ஒரு வீடு கட்டியதையும், அது அவரை எப்படி மாற்றியது என்பதையும் பாலு மகேந்திரா பேசியிருக்கிறார். அந்த நினைவு இந்தப் படத்துக்குள் இருக்கிறது. படத்துக்குக் கதை அவருடைய மனைவி அகிலா. ஆக, இங்கேயும் எடுத்துக்கொண்டது ஒன்று, கொடுத்தது இன்னொன்று.

பாலு மகேந்திரா தன் கடைசி ஆண்டுகளில் ஒன்றைத் திரும்பத் திரும்பக் கேட்டுவந்தார். தமிழ்ப் படங்களைப் பாதுகாக்க இங்கே ஓர் ஆவணக் காப்பகம் வேண்டும் என்று. 2014-இல் அவர் போய்விட்டார். ஒரு கதைக்கு நூலகம் இருக்கிறது. புதுமைப்பித்தனின் எழுத்துகள் நாட்டுடைமையாகி, பல பதிப்புகள் வந்திருக்கின்றன. படச்சுருளுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. ‘உதிரிப்பூக்க’ளையும் ‘வீட்டை’யும் நம் பேரக் குழந்தைகள் நல்ல பிரதியில் பார்க்க வேண்டும் என்றால் அந்தக் கோரிக்கையை நாமும் விடாமல் கேட்க வேண்டும்.

கேட்பதை உங்கள் ஊர்க் கிளை நூலகத்திலேயே தொடங்கலாம். புதுமைப்பித்தன் கதைகள் அலமாரியில் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால் வாங்கச் சொல்லி எழுதிக் கொடுங்கள். இருந்தால் ‘செல்லம்மா’ளை அங்கேயே உட்கார்ந்து படித்துவிட்டு, மற்றவற்றுக்குப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போங்கள்.

நன்றி. வணக்கம்.